கிலோவைத் தூக்கிய பிறகும் கிலோவையே ஓட்டியவர்

2005 ஜூன் மாதம் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து இரண்டு போட்டிகளைத் தூக்கியது. ஒன்று ஆண்களுக்கான ஒரு கிலோமீட்டர் நேர ஓட்டம், சுருக்கமாக 'கிலோ', இன்னொன்று பெண்களுக்கான 500 மீட்டர். பி.எம்.எக்ஸ் என்ற, சின்னச் சைக்கிளில் மண்மேடுகளைத் தாண்டி ஓட்டும் பந்தயத்தை உள்ளே கொண்டுவர இடம் தேவைப்பட்டது. சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பதக்க எண்ணிக்கையைக் கூட்ட முடியாது, யாராவது வெளியே போயாக வேண்டும். கிலோ போனது. பத்து மாதத்துக்கு முன்புதான் ஏதென்ஸில் அந்தக் கிலோவில் தங்கம் வாங்கியிருந்தார் ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோய். வயது 29. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சைக்கிள் பந்தயத்துக்குள் வந்ததே பி.எம்.எக்ஸ் வழியாகத்தான். எடின்பரோவில் ஏழு வயதில் தொடங்கி 14 வயது வரைக்கும் அதுவே கதி என்று கிடந்தவர்.

கையில் இருந்த போட்டி பறிபோன பிறகு அவர் இன்னும் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பெய்ஜிங்கில் மூன்று, லண்டனில் இரண்டு. "கிலோ வீரர் ஸ்பிரிண்ட் வீரராக மாறிவிட்டார்" என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். என் கணக்கு வேறு. அவர் கடைசிவரை கிலோதான் ஓட்டினார். போட்டியின் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அது புரிய வேண்டுமானால் முதலில் கிலோ என்னவென்று பார்க்கவேண்டும்.

250 மீட்டர் மரத்தடத்தில் நான்கு சுற்று. நின்ற இடத்திலிருந்து தொடக்கம், தடத்தில் கூட்டம் கிடையாது, தந்திரம் கிடையாது, கடிகாரம் மட்டும். சைக்கிளில் பிரேக் இல்லை, கியர் மாற்றும் வசதி இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வளைவுகள் 42 டிகிரியை ஒட்டிச் சரிந்திருக்கும்.

ஸ்டார்ட் கேட் என்ற இயந்திரம் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். 50 நொடியிலிருந்து கடிகாரம் இறங்கும். கடைசி ஐந்து நொடிகளுக்கு நொடிக்கு ஒரு 'பீப்'. பூஜ்யத்தில் கவ்வி தானாக விடும். முன் பெடலை கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தியிருப்பார்கள். கடைசி இரண்டு பீப்புக்கு நடுவில் இடுப்பைப் பின்னால் இழுத்து, உடனே முன்னால் வீசுவார்கள். கவ்வி திறக்கும் கணத்தில் உடல் எடை ஏற்கெனவே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். முந்தினால், பிடியில் இருக்கும் சக்கரத்தை இழுத்துச் சக்தி வீணாகும். சைக்கிள் ஒரு கணம் பின்னால் உதறும். பிந்தினால் கையில் இருந்த நேரம் போனது போனதுதான், நான்கு சுற்றில் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. இந்த முதல் மிதியில் 2,000 வாட்டைத் தாண்டும் ஆட்கள் இவர்கள். கிளிப் பெடலில் மாட்டிய ஷூ அந்த இழுப்பில் கழன்றுவிடலாம். அதனால்தான் கிளிப்புக்கு மேலே தோல் பட்டையும் போட்டு இறுக்குகிறார்கள். ஒருமுறை கழன்றால் சுழலும் பெடல் காலைப் பதம் பார்த்துவிடும், நிறுத்த வழியில்லை.

அடுத்து கியர். முன்னால் 50 பல், பின்னால் 14 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3.57. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிச்சுற்றுக்கு 7.5 மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போக, நிமிடத்துக்கு 133 முறை காலைச் சுற்றவேண்டும். முன்னால் 52 பல் போட்டால் அது 128 ஆகக் குறையும். கடைசிச் சுற்றில் இது வசதி, ஆனால் கேட்டிலிருந்து கிளம்பும்போது அந்த இரண்டு பல்லும் சுமை. சின்ன கியர் போட்டால் கிளம்புவது சுலபம், இரண்டாம் சுற்றில் கால் காற்றில் சுற்றுவதுபோல் ஆகிவிடும். ஒரே ஒரு கியரை வைத்துக்கொண்டு பூஜ்யத்துக்கும் 65-க்கும் சேர்த்து நியாயம் செய்வதுதான் கிலோவின் முதல் தலைவலி. இப்போதைய ஓட்டக்காரர்கள் ஹோய் காலத்தைவிட ரொம்பப் பெரிய கியர் போடுகிறார்கள். ஜிம்மில் கூடிய பலம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது தலைவலி உடம்பு. முதல் பத்து நொடிக்குத் தசையிலேயே சேமித்த எரிபொருள் போதும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கும் வேலை தொடங்குகிறது, தசை அமிலமாகிக்கொண்டே போகும். அரை நிமிடம் தாண்டினால் மூச்சின் பங்கும் கூடுகிறது. ஆக ஒரே நிமிடத்தில் மூன்று வகை எந்திரத்தையும் கடைசிவரை காலி செய்யவேண்டும். தூய ஸ்பிரிண்ட் வீரருக்கு 20 நொடிக்குமேல் சரக்கு இல்லை. நெடுந்தூர வீரருக்குத் தொடக்கத்தில் சரக்கு இல்லை. ஹோய் நடுவில் நிற்கிற ஆள். பள்ளி நாட்களில் துடுப்புப் படகு ஓட்டி, 1993-இல் பிரிட்டிஷ் ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கியவர். 90 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பில் அந்த மூச்சும் சேர்ந்திருந்தது என்பதை அவர் வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதல் சுற்று நின்ற இடத்திலிருந்து 18 நொடி வாக்கில் ஆகும். இரண்டாம் சுற்றுதான் வேகமானது. பிறகு மூன்றும் நான்கும் சரிந்துகொண்டே போகும். யாருக்கும் சரியாமல் இருக்காது. யாருடைய சரிவு குறைவு என்பதுதான் போட்டி. இரண்டாம் சுற்றில் காலில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், அங்கே ஆசைப்பட்டால் நான்காம் சுற்றில் வட்டியோடு கட்டவேண்டும்.

களைத்துப்போனவன் செய்யும் இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. தடத்தின் உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு. 250 மீட்டர் என்ற அளவு அந்தக் கோட்டில்தான். வளைவுகளில் அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே ஓட்டினால், சரிவைக் கழித்தாலும், சுற்றுக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர் கூடும். நான்கு சுற்றுக்கு இரண்டு மீட்டர். அந்த வேகத்தில் 0.11 நொடிக்கு மேல். கோட்டுக்குக் கீழே இறங்கிக் குறுக்கு வழி போகாமலிருக்க, நேர ஓட்டங்களில் வளைவின் அடியில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்கிவைப்பார்கள். மேலே போவதை யாரும் தடுப்பதில்லை, அது உங்கள் பாடு.

ஏதென்ஸில் இந்த 0.11-க்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். அந்த ஆண்டு மெல்போர்னில் உலகப் பட்டம் வென்றவர் என்பதால் ஹோய் கடைசியாக இறங்கவேண்டும். அவருக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து நேரத்தை வெட்டிக்கொண்டே போனார்கள். ஆஸ்திரேலியாவின் ஷேன் கெல்லி 1:01.224. ஜெர்மனியின் ஸ்டெஃபான் நிம்கெ 1:01.186. பிரான்ஸின் அர்னோ தூர்னான் 1:00.896. கடைசியாக ஹோய் 1:00.711. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் 0.185 நொடி. சராசரி மணிக்கு 59.3 கிலோமீட்டர். முதல் சுற்றுக்கு 18 நொடி கழித்தால், மிச்ச மூன்று சுற்றும் சராசரி 63 கிலோமீட்டர் வேகத்தில். உட்கார்ந்துகொண்டு மற்றவர்களின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போட்டிருந்த திட்டத்தை மாற்றாமல் அதே வேகக் கணக்கில் ஓட்டுவது சாமானியம் இல்லை. 1:00.896-ஐப் பார்த்தவன் முதல் சுற்றிலேயே பதறிக் கொட்டித் தீர்த்திருப்பான்.

அவர் பழகிய இடம் பற்றி ஒரு வார்த்தை. 1970 காமன்வெல்த் போட்டிக்காக எடின்பரோவில் கட்டிய மெடோபேங்க் தடம். கூரை இல்லாத மரத்தடம், ஸ்காட்லாந்து மழையில். தூறல் விழுந்தால் அன்றைய ஓட்டம் ரத்து. மரம் பிளந்து சிம்பு எழும்பும். 1996-இல் அங்கே விழுந்த பிரிட்டன் வீரர் ஜேசன் குவீலியின் அக்குள் வழியாக ஒன்றரை அடி நீளச் சிம்பு உடம்புக்குள் போயிற்று. அதே குவீலி 2000 சிட்னியில் கிலோ தங்கம் வாங்கினார், அதே சிட்னியில் கிரெய்க் மெக்ளீன், ஹோய், குவீலி மூவரும் டீம் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்கள். 1994-இல் மான்செஸ்டரில் கூரையுள்ள 250 மீட்டர் தடமும், 1997 முதல் பிரிட்டனின் தேசிய லாட்டரியிலிருந்து விளையாட்டுக்குப் பணமும் வந்திராவிட்டால் இந்தத் தலைமுறை ஒலிம்பிக் வரை வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆண்டு முழுக்க ஒரே மாதிரித் தடம், ஒரே மாதிரிக் காற்று இருந்தால்தான் இன்றைய நேரத்தையும் போன மாதத்து நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கமுடியும். கிலோ மாதிரியான போட்டிக்கு அந்த ஒப்பீடுதான் பயிற்சியின் உயிர்.

இந்த வகை ஓட்டத்துக்கான பயிற்சி வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். அரைச்சுற்று ஸ்டார்ட் ஒன்று, பிறகு கால் மணி நேரம் நாற்காலி. மறுபடி ஒன்று. ஓய்வைக் குறைத்தால் அடுத்த ஸ்டார்ட் முழு பலத்தில் வராது, முழு பலத்தில் வராத ஸ்டார்ட்டால் பயன் இல்லை. இன்னொரு நாள் அமிலத்தைத் தாங்கும் பயிற்சி: அரை நிமிடமோ அதற்குச் சற்று அதிகமோ உயிரைக் கொடுத்து மிதித்து, முழுக்க ஆறுவதற்குள் மறுபடி. வாந்தி வருவது சகஜம். இந்த இரண்டாவது வகையைப் பல ஸ்பிரிண்ட் வீரர்கள் தவிர்ப்பார்கள், 200 மீட்டர் வேகத்தை அது மழுக்கிவிடும் என்று. கிலோ வீரருக்குத் தவிர்க்க வழியில்லை.

இப்போது 2005-க்கு வருவோம். ஒலிம்பிக்கில்தான் கிலோ போனது, உலகச் சாம்பியன் போட்டியில் இருந்தது. 2006-இலும் 2007-இலும் ஹோய் அதை வென்றார். 2002, 2004-ஐயும் சேர்த்தால் நான்கு. 2007 மே மாதம் கிலோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று பொலிவியாவின் லா பாஸுக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் திறந்தவெளி சிமென்ட் தடம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு வாக்கில் குறைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டக்காரரின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான் என்பதால் இது பெரிய சலுகை. ஆனால் சும்மா வரும் சலுகை இல்லை. மூச்சில் ஆக்சிஜன் குறைவு, அதனால் கடைசிச் சுற்று வழக்கத்தைவிட மோசமாகச் சரியும். 2001-இல் தூர்னான் அங்கே வைத்த உலக சாதனை 58.875. ஹோய் முதலில் 59.103, பிறகு அதே நாளில் மறுபடி ஏறி 58.880. சாதனை தவறியது ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடியில். தூரமாகச் சொன்னால் எட்டு சென்டிமீட்டர். மறுநாள், தொடக்கக் கோட்டை முழு வேகத்தில் தாண்டி ஓட்டும் 500 மீட்டரில் 24.758 நொடி என்று உலக சாதனை வைத்தார். அதாவது மணிக்கு 72.7 கிலோமீட்டர் சராசரி. ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த எட்டு சென்டிமீட்டர்தான். கிலோ சாதனை பிறகு மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டஸ் தடத்துக்குப் போய்விட்டது. 2013-இல் பிரான்ஸின் ஃபிரான்ஸ்வா பெர்வி அங்கே 56.303 ஓட்டினார்.

சரி, கிலோ போன பிறகு ஒலிம்பிக்கில் அவர் ஓட்டிய போட்டிகளில் ஒன்றான கெய்ரின். ஜப்பானில் பந்தயம் கட்டி ஓட்டுவதற்காகப் பிறந்த ஆட்டம். ஹோய் காலத்து ஒலிம்பிக்கில் எட்டு சுற்று, இரண்டு கிலோமீட்டர். டெர்னி என்ற சின்ன மோட்டார் வண்டி முன்னால் போகும், 30 கிலோமீட்டரில் தொடங்கி 50 வரை ஏற்றும். ஓட்டக்காரர்கள் அதற்குப் பின்னால் வரிசை. கடைசி இரண்டரை சுற்று இருக்கும்போது வண்டி ஒதுங்கிவிடும், அதற்குப் பிறகு அவரவர் சாமர்த்தியம்.

பாடப்புத்தகம் சொல்வது: முன்னால் போகாதே. பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றுத்தடையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், கடைசி 200 மீட்டரில் வெளியே வந்து முந்து. இது சரிதான், முன்னால் போகிறவன் கடைசியில் தளர்வான் என்றால். தளராவிட்டால்? 625 மீட்டரை 50-லிருந்து 70 வரை ஏற்றிக்கொண்டே ஓட்டுவது ஏறக்குறைய 35 நொடி வேலை. தூய ஸ்பிரிண்ட் வீரருக்கு அது நரகம். ஒரு நிமிடத்துக்குப் பழகிய கிலோ வீரருக்கு அது பாதிச் சாப்பாடு.

இதில் தடத்தின் வடிவமும் கைகொடுக்கிறது. கறுப்புக் கோட்டுக்கு மேலே, உள்விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஸ்பிரிண்ட் பாதை. இறுதி ஓட்டத்தில் முன்னணி ஆள் அதற்குள் இருந்தால் பின்னால் வருகிறவர் உள்பக்கமாக நுழைய முடியாது. வெளியே சுற்றித்தான் போகவேண்டும். வளைவில் ஒரு மீட்டர் மேலே ஓட்டினால் ஒரு வளைவுக்கு இரண்டு மீட்டருக்கும் அதிகமாகக் கூடும், ஒரு சைக்கிள் நீளத்தைவிட அதிகம். ஆக முன்னவனை வளைவில் முந்த, அவனுடைய சைக்கிள் நீளத்தையும் பிடிக்கவேண்டும், வளைவு தின்ற தூரத்தையும் பிடிக்கவேண்டும், அதுவும் காற்றை முழுக்க முகத்தில் வாங்கிக்கொண்டு. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. முன்னவன் 60-இல் போனால் முந்தலாம். 70-இல் போனால் பின்னால் இருப்பவருக்குத் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாடு.

ஹோயின் கெய்ரின் முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான்: இரண்டு சுற்றுக்கு முன்னால் முன்னிலைக்குப் போ, சிவப்புக் கோட்டுக்குள் இறங்கு, வேகத்தை ஏற்றிக்கொண்டே இரு. எல்லோருக்கும் தெரிந்த திட்டம். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 2007, 2008, 2010, 2012 என்று நான்கு உலகப் பட்டம். பெய்ஜிங் இறுதியில் சக பிரிட்டன் வீரர் ராஸ் எட்கர் வெள்ளி, ஜப்பானின் கியோஃபுமி நகாய் வெண்கலம்.

இந்த முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. முன்னிலைக்குப் போக வெளிப்பக்கமாக ஏறும்போது வேறொருவன் அதே நேரம் ஏறினால் இருவரும் ஒரு வளைவு முழுக்க மேலே மாட்டிக்கொள்வார்கள். சரக்கு பாதி அங்கேயே தீரும். சீக்கிரம் கிளம்பினாலும் கடைசி வளைவில் கால் கட்டிவிடும். ஆறு பேர் அகலமில்லாத தடத்தில் முண்டும்போது விழுவதும் சாதாரணம். 2009 பிப்ரவரியில் கோபன்ஹேகன் உலகக் கோப்பை கெய்ரினில் விழுந்து ஹோயின் இடுப்பு அடிபட்டது, அந்த ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியே போயிற்று.

டீம் ஸ்பிரிண்டிலும் இதே கதை. மூன்று பேர், மூன்று சுற்று. முதல் ஆள் ஒரு சுற்று இழுத்துவிட்டு மேலே ஒதுங்குவார், இரண்டாவது ஆள் அடுத்ததை இழுப்பார், மூன்றாமவர் கடைசிச் சுற்றைத் தனியாக முடிப்பார். மூன்றாமவர் வந்து சேரும் நேரம்தான் அணியின் நேரம். முதல் ஆளுக்கு 17 நொடி வேலை, அவர் கேட் மன்னனாக இருந்தால் போதும். மூன்றாமவர் 43 நொடி ஓட்டவேண்டும். சிட்னியில் இரண்டாம் இடத்தில் ஓட்டிய ஹோய் பெய்ஜிங்கில் மூன்றாம் இடத்தில் நின்றார். முன்னால் ஜேமி ஸ்டாஃப், இவரும் பி.எம்.எக்ஸ் உலகச் சாம்பியனாக இருந்தவர். நடுவில் 20 வயது ஜேசன் கென்னி. ஸ்டாஃபின் முதல் பாதிச் சுற்று அவ்வளவு மூர்க்கமானது, பின்னால் இருப்பவர்களுக்குச் சக்கரத்தை விடாமல் பிடிப்பதே சோதனை. அரை சைக்கிள் இடைவெளி விழுந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், பிடிக்கச் செலவிட்ட சக்தி கடைசிச் சுற்றில் இல்லாமல் போகும். தகுதிச் சுற்றில் 42.950 என்று உலக சாதனை வந்தது, பிறகு பிரான்ஸைத் தோற்கடித்துத் தங்கம்.

தனி ஸ்பிரிண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருவர் மூன்று சுற்று, பெரும்பாலும் பூனை எலி ஆட்டம். 2008 மான்செஸ்டரில் ஹோய் உலகப் பட்டம் வாங்கியது 1954 ரெக் ஹாரிஸுக்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் ஸ்பிரிண்ட் பட்டம். பெய்ஜிங்கில் 200 மீட்டர் தகுதி ஓட்டத்தில் 9.815 நொடி, மணிக்கு 73 கிலோமீட்டருக்கு மேல். இறுதியில் கென்னியை வென்றார். அவர் அதிகம் ஏமாற்று வேலை செய்யவில்லை. எதிராளியை வேடிக்கை காட்டாமல் சீக்கிரமே நீள ஓட்டமாக மாற்றிவிடுவார், அங்கே போனால் யாரும் அவரைத் தொடமுடியாது. ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய பிரிட்டன்காரர் 1908-க்குப் பிறகு முதலில் இவர்தான். 2009 புத்தாண்டுப் பட்டியலில் 'சர்' பட்டம் வந்தது.

மறுபடி விதி மாறியது. லண்டன் 2012-க்கு ஒரு நாட்டுக்கு ஒரு போட்டியில் ஒரே ஆள் என்றார்கள். ஸ்பிரிண்ட் இடம் ஹோய்க்கா கென்னிக்கா? இருவருக்கும் பிறந்த நாள் மார்ச் 23, நடுவில் சரியாகப் பன்னிரண்டு வருடம். 2012 மெல்போர்ன் உலகப் போட்டியில் கென்னி வெள்ளி, ஹோய் வெண்கலம். இடம் கென்னிக்குப் போனது. என் பார்வையில் அது நியாயமான முடிவு. 36 வயதில் நாளுக்கு ஐந்தாறு முறை 200 மீட்டர் வெடிப்பது உடம்பை உருக்கிவிடும். கெய்ரினும் டீம் ஸ்பிரிண்டும் அவருடைய நீண்ட இழுப்புக்குச் சம்பளம் கொடுக்கும் போட்டிகள்.

டீம் ஸ்பிரிண்டில் ஃபிலிப் ஹிண்ட்ஸ், கென்னி, ஹோய். இறுதியில் 42.600, உலக சாதனை. கெய்ரின் இறுதி ஆகஸ்ட் 7. வழக்கம்போல முன்னிலைக்குப் போய் இழுத்தார். கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் மாக்ஸிமிலியன் லெவி மேலே வந்து முன்சக்கரத்தைத் தாண்டியே விட்டார். பாடப்புத்தகப்படி அங்கே கதை முடிந்தது, முன்னால் இழுத்தவனுக்கு இரண்டாவது வெடிப்பு இருக்காது. ஹோய் கடைசி வளைவில் மறுபடி மிதித்து முந்தினார். லெவி வெள்ளி. நெதர்லாந்தின் டியூன் முல்டரும் நியூசிலாந்தின் சைமன் வான் வெல்தூவனும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டு வெண்கலத்தைப் பகிர்ந்தார்கள். அந்த இரண்டாவது மிதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏதென்ஸின் நான்காவது சுற்றிலிருந்து என்பேன்.

2013 ஏப்ரல் 18-இல் ஓய்வு. ஆறு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி, 11 உலகப் பட்டம். 2014 காமன்வெல்த் போட்டிக்காக கிளாஸ்கோவில் கட்டிய தடத்துக்கு அவர் பெயர். பிறகு கார் பந்தயத்தில் இறங்கி 2016-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை முடித்தார். 2024-இல் தனக்கு நான்காம் கட்டப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அது இருந்திருக்கிறது. குடும்பத்தில் இருந்தால் பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனையை 50 வயதுக்கு முன்பே எடுக்க மருத்துவரிடம் கேட்கவேண்டும் என்று சொல்லிவருகிறார்.

அவருடைய ஓட்டங்களைக் காணொளியில் பார்க்கிறவர்கள் கடைசி வளைவை விட்டுவிட்டு, டெர்னி ஒதுங்கும் இடத்தைப் பாருங்கள். அப்போது ஹோய் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார், அடுத்த அரைச்சுற்றில் எந்த உயரத்தில் ஏறுகிறார், சிவப்புக் கோட்டுக்குள் எப்போது இறங்குகிறார். ஓட்டம் பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடும். அதையும் பார்த்துவிட்டு டோக்கியோ ஒலிம்பிக் கெய்ரின் இறுதியையும் பாருங்கள். விதி மறுபடி மாறி மொத்தம் ஆறு சுற்று, டெர்னி ஒதுங்குவது மூன்று சுற்று இருக்கும்போது. டெர்னிக்குப் பின்னால் முதல் ஆளாக இருந்தவர் கென்னி. அவருக்குப் பின்னால் இருந்த மேத்யூ கிளேட்சர் ஒரு இடைவெளி விட்டார். கென்னி திரும்பிப் பார்த்தார், மிதித்தார், 750 மீட்டரையும் தனியாக ஓட்டி முடித்தார். அவருடைய ஏழாவது தங்கம் அது, ஹோயின் ஆறைத் தாண்டியது.